கேட்டறிந்து கட்டுதல்: எங்கும் பொருந்தும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அமைக்கும் முறை

ஏழாம் அத்தியாயம்

1. இந்த அத்தியாயத்தின் பிரயோஜனம்

ஒருவர் தம் மேசைமேலுள்ள கணினியில் எழுதி, அங்கேயே கம்பைல் செய்து, அங்கேயே ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்த ஒரு சி நிரல், அவருக்குச் சற்றும் அறிமுகமில்லாத இன்னொருவருடைய கணினியில், அவர் பக்கத்தில் நின்று உதவாமலேயே, பிழையின்றிக் கட்டப்பட்டு இயங்கவேண்டுமானால், அந்த நிரலோடு கூடவே மற்றொரு சிறு நிரலும் பிரயாணம் செய்தாக வேண்டும். போய்ச் சேர்ந்த கணினியில் எவையெவை இருக்கின்றன, எவையெவை இல்லை, இருப்பவையும் எவ்விதம் நடந்துகொள்கின்றன என்பதை ஒவ்வொன்றாக விசாரித்து, அவ்விசாரணையின் முடிவுக்கு இசைந்தபடி கட்டும் முறையை அமைத்துக் கொடுப்பது அதன் தொழில். அதற்குக் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்று பெயர். நாம் நம்முடைய தேவைகளைச் சில வரிகளில் எழுதிக் கொடுத்தால், பல்லாயிரம் வரிகள் கொண்ட அந்த ஸ்கிரிப்டைத் தானே உற்பத்தி செய்து தருகின்ற கருவி ஆட்டோகான்ஃப். அதனை முறைப்படி பிரயோகிப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

திருத்தணியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து கணினி படிக்கின்ற மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மூத்தவர்களுக்குக் கிடைத்து, இன்று தம்பி தங்கையர் கைக்கு வந்திருக்கும் பழைய கணினிகளும், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட போஸ் லினக்ஸும், கல்லூரி ஆய்வுக்கூடத்து உபுண்டுவும், தினந்தோறும் அரக்கோணம் மார்க்கமாகச் சென்னைக்கு ரயிலேறிப் போகும் அண்ணனுடைய அலுவலக மேக் கணினியும் ஒரே குடும்பத்தில் சந்திக்கக்கூடிய காலம் இது. இவை எல்லாவற்றிலும் இயங்கும் நிரலை எழுத விரும்புகிற மாணவர், அதற்கான வித்தையைத் தொடக்கத்திலேயே பயில்வது நலம்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கேற்பத் தமிழெழுத்தில் தருகிறேன். ‘ஏசி’, ‘ஏஎம்’, ‘ஏஎஸ்’ என்று தொடங்கும் மேக்ரோப் பெயர்களைத் தட்டும்போது ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே தட்டவேண்டும். அடிக்கோடு காட்டியுள்ள இடங்களில் அடிக்கோட்டையும் விடலாகாது.

2. பெயரைக் கொண்டு முடிவு செய்யலாகாது

திருத்தணி முன்பு வடார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது, 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு அங்கே போயிற்று, ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்நின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், மத்தியஸ்தரான படாஸ்கரின் பரிந்துரைப்படியும், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து வருகிறது. இத்தனை பெயர்மாற்றங்களிலும் மலையும் ஊரும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் வழங்கியதும் வழங்கியபடியே இருந்தது. மாவட்டத்தின் பெயரைப் பார்த்து, எதிரே நிற்பவர் எந்த மொழி அறிவார் என்று அனுமானிக்கிறவர் ஏமாந்து போவார். ஒரு வார்த்தை பேசிப் பார்த்தவருக்கு உண்மை தெரிந்துவிடும்.

ஆட்டோகான்ஃபின் மூல சித்தாந்தமும் இதுதான். ‘இது லினக்ஸ், ஆகையால் இந்த ஃபங்ஷன் இருக்கும்’, ‘இது மேக், ஆகையால் இருக்காது’ என்று இயங்குதளத்தின் பெயரை வைத்து நிரலுக்குள் கிளை பிரிப்பது பழைய வழக்கம். அவ்வழக்கத்தில் இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று, ஒரே பெயருக்குள் பல ஜாதிகள் அடங்கியிருக்கின்றன: உபுண்டுவில் இருப்பது க்ளிப்சி என்னும் சி லைப்ரரி; ஆல்பைன் லினக்ஸில் இருப்பதோ மசல் என்னும் வேறொரு லைப்ரரி; இரண்டும் லினக்ஸ் என்றே அழைக்கப்பட்டாலும் அவற்றின் நடத்தை பல இடங்களில் வேறுபடும். மற்றொன்று, நிரலை எழுதிய நாளில் இல்லாத ஒரு தளம் நாளை தோன்றினால், அதன் பெயர் நம் பட்டியலில் இராது. அங்கே நம் நிரல் நிராதரவாக நிற்கும். ஆதலால் தளத்தின் பெயரை விட்டுவிட்டு, வேண்டிய வசதியையே நேரில் சோதிக்கவேண்டும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மிகச் சிறிய சி நிரலை அவ்விடத்திலேயே எழுதி, அதைக் கம்பைல் செய்ய முயன்று, வெற்றியாயின் ‘உண்டு’ என்றும் தோல்வியாயின் ‘இல்லை’ என்றும் குறித்துக்கொள்ளும் இரகசியம் இந்த ஒரு தத்துவத்திலேயே அடங்கியிருக்கிறது.

இந்த முறை ஒரே நாளில் பிறந்ததன்று. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் ‘மேக்’ என்னும் கருவியை உண்டாக்கினார். ஆனால் மேக்ஃபைலில் எதை எழுதவேண்டும் என்பது கணினிக்குக் கணினி மாறியது. பிற்காலத்தில் பெர்ல் மொழியால் புகழ்பெற்ற லேரி வால் 1980-களில் தம் நிரல்களோடு அனுப்பிய ஸ்கிரிப்ட், கட்டுகிறவரையே பல கேள்விகள் கேட்டு விடை வாங்கியது. 1991-ஆம் ஆண்டுக் கோடையில், ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்காக க்னூ கருவிகளைப் பராமரித்துக்கொண்டிருந்த டேவிட் மெக்கென்சி, கையால் எழுதிய ஸ்கிரிப்டுகள் பெருகிச் சமாளிக்க முடியாமற் போனபோது, அவற்றை உற்பத்தி செய்யும் ஆட்டோகான்ஃபைத் தொடங்கினார். அவருடைய ஸ்கிரிப்ட் மனிதரைக் கேட்பதை நிறுத்திக் கணினியைக் கேட்டது. பின்னர் மேக்ஃபைல்களை உற்பத்தி செய்ய ஆட்டோமேக்கும், பகிர்வு லைப்ரரிகளைக் கட்ட லிப்டூலும் துணைவந்தன. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை வரிசையில் தட்டுகிற பலருக்கும் அந்த வசதியைத் தருவது ஜப்பானிய ஆய்வாளர்கள் படைத்த எம்17என் லைப்ரரி. அதுவும் இவ்வழியிலேயே கட்டப்படுகிறது. எனவே இது நம் மொழிக்குத் தொடர்பற்ற வித்தையன்று.

3. எடுத்துக்காட்டாக ஒரு பொதி

விதிகளை வெறுமையில் விளக்குவதைவிட ஒரு பொதியின்மேல் ஏற்றி விளக்குவது எளிது. ‘எழுத்தெண்ணி’ என்று ஒரு சிறு நிரலை நாம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு தமிழ்க் கோப்பைக் கொடுத்தால் அதிலுள்ள எழுத்துகளை எண்ணிச் சொல்வது அதன் வேலை. எளிதாகத் தோன்றும் இவ்வேலை உண்மையில் எளிதன்று. ‘திருத்தணி’ என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 5. யூனிக்கோடு குறிகள் 9. யுடிஎஃப்-8 முறையில் அது பிடிக்கும் இடமோ 27 பைட்டுகள். இம்மூன்று எண்களையும் பிரித்தறிந்து சரியாக எண்ணுவதற்கு நிரலுக்குக் கணினியிடமிருந்து மூன்று உதவிகள் தேவைப்படுகின்றன.

முதலாவது, குறிமுறை மாற்றம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் உட்பட, யூனிக்கோடு பரவுவதற்கு முன்பு இணையத்தில் தமிழ் வளர்த்தவர்கள் டிஸ்கி என்னும் 8 பிட் குறிமுறையில் ஏராளமான நூல்களைச் சேமித்தார்கள். அத்தகைய பழங்கோப்புகளையும் எண்ணவேண்டுமானால் ஐகான்வ் என்னும் மாற்றுக் கருவி வேண்டும்.

இரண்டாவது, அகல எழுத்து வகை. சி மொழியின் டபிள்யூசார்_டி என்னும் வகை லினக்ஸில் 4 பைட்டு. விண்டோஸில் 2 பைட்டு. வழக்கமான தமிழ் எழுத்துகள் அனைத்தும் 2 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் முந்திரி, மா, வீசம் முதலிய பழைய பின்னக் குறிகளும், நில அளவைக்கும் கணக்குக்கும் வழங்கிய வேறு குறிகளும் 2019-ல் யூனிக்கோடு 12.0 பதிப்பில் தமிழ்க் கூடுதல் தொகுதியாகச் சேர்ந்தபோது, அவை 2 பைட்டுக்கு அப்பாற்பட்ட இடத்தில் வைக்கப்பட்டன. பழைய கணக்கேடுகளைத் தட்டெழுதி வைத்திருப்பவருடைய கோப்பு, 4 பைட்டுக் கணினியில் சரியாக எண்ணப்பட்டு, 2 பைட்டுக் கணினியில் தவறாக எண்ணப்படும். இது கம்பைலர் எச்சரிக்காத பிழை. ஆகையால் முன்கூட்டியே விசாரிக்கவேண்டிய பிழை.

மூன்றாவது, செய்திகளின் மொழி. இவ்வூரில் வழங்கும் ஒரு நிரல் தமிழிலும் தெலுங்கிலும் பேசுவது முறை. அதற்கு கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்பு ஏற்பாடு தேவை.

4. கான்ஃபிகர் டாட் ஏசி என்னும் மூலக் கோப்பு

ஸ்கிரிப்டுக்காக நாம் கையால் எழுதுவது கான்ஃபிகர் டாட் ஏசி என்னும் ஒரே கோப்பை. முதல் வரைவுக்கு ‘ஆட்டோஸ்கேன்’ கட்டளையை நிரல் இருக்கும் ஃபோல்டரில் ஓட்டினால், அது மூலக்கோப்புகளைப் படித்துப் பார்த்து, கான்ஃபிகர் டாட் ஸ்கேன் என்று ஒரு மாதிரியைத் தரும். அதைப் பெயர் மாற்றித் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அது காட்டும் சோதனைகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை. எந்தச் சோதனையின் விடையை நிரல் எங்கும் பயன்படுத்தவில்லையோ, அந்தச் சோதனை கட்டுகிறவருடைய நேரத்தை வீணாக்குவதன்றி வேறு பயன் தராது.

கோப்பின் வரிசை வருமாறு அமையட்டும்:

1. ஏசி_இனிட்: பொதியின் பெயர், பதிப்பெண், பிழை தெரிவிக்கும் முகவரி. இதுவே முதலில் வரவேண்டும்.

2. ஏசி_கான்ஃபிக்_எஸ்ஆர்சிடிர்: பொதியில் மட்டுமே இருக்கும் ஒரு மூலக்கோப்பின் பெயர். ஸ்கிரிப்ட் தவறான ஃபோல்டரில் ஓடாமல் இது காக்கும்.

3. ஏஎம்_இனிட்_ஆட்டோமேக்: ஆட்டோமேக்கைத் தொடங்குவது. இதில் ‘ஃபாரின்’ என்னும் விருப்பத்தைக் கொடுக்காவிட்டால், க்னூ நியமத்தின்படி நியூஸ், ரீட்மீ, ஆதர்ஸ், சேஞ்ச்லாக் ஆகிய கோப்புகள் இல்லையென்று ஆட்டோமேக் ஆட்சேபிக்கும்.

4. ஏசி_ப்ராக்_சிசி: சி கம்பைலரைத் தேடுவது.

5. ஏசி_கான்ஃபிக்_ஹெடர்ஸ்: சோதனை முடிவுகள் எழுதப்படும் கான்ஃபிக் டாட் ஹெச் கோப்பை அறிவிப்பது.

6. லைப்ரரி, ஹெடர், வகை, ஃபங்ஷன் என்ற வரிசையில் சோதனைகள்.

7. ஏசி_கான்ஃபிக்_ஃபைல்ஸ்: உண்டாகவேண்டிய மேக்ஃபைல்களின் பெயர்கள்.

8. ஏசி_அவுட்புட்: இதுவே முடிவு. இது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் விசாரணை முழுவதையும் செய்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் நின்றுவிடும்.

ஆறாவதாகச் சொன்ன சோதனைகளின் வரிசைக்குக் காரணம் உண்டு. ஒரு ஃபங்ஷன் உண்டா என்பது எந்த லைப்ரரி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வகை உண்டா என்பது எந்த ஹெடர் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்னது முடியாமல் பின்னதைக் கேட்டால் விடை பொய்யாகும்.

இதற்குத் துணையாக, ஒவ்வொரு ஃபோல்டரிலும் மேக்ஃபைல் டாட் ஏஎம் என்னும் சிறு கோப்பில், எந்த நிரல் எந்த மூலக்கோப்புகளிலிருந்து கட்டப்படவேண்டும் என்பதை மட்டும் எழுதினால் போதும். இவ்வளவும் ஆனபின், ‘ஆட்டோரீகான்ஃப்’ கட்டளையை ‘இன்ஸ்டால்’ விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டினால், அது ஏக்லோக்கல், ஆட்டோகான்ஃப், ஆட்டோஹெடர், ஆட்டோமேக் ஆகியவற்றை உரிய முறைப்படி தானே அழைத்து, கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உண்டாக்கிவிடும்.

இங்கே ஒரு பேதத்தை மாணவர் தெளிவாக உணரவேண்டும். ஆட்டோகான்ஃபும், ஆட்டோமேக்கும், அவற்றுக்கு அடியிலுள்ள எம்4 என்னும் மேக்ரோக் கருவியும் பொதியை உண்டாக்குகிறவருக்கு மட்டுமே தேவை. பொதியைப் பெற்றுக் கட்டுகிறவருக்கு வேண்டியவை ஒரு ஷெல், ஒரு மேக், ஒரு கம்பைலர், அவ்வளவுதான். பாரத்தை ஆக்குவோன் சுமந்து, கொள்வோனை இலேசாக்கும் இந்த ஏற்பாடே இம்முறையின் பெருந்தன்மை என்று நான் கருதுகிறேன். இணைய இணைப்பு மெலிந்த கிராமத்தில் பழைய கணினியோடு இருப்பவருக்கு, ‘இன்னும் நான்கு கருவிகளைப் பதிவிறக்கி வா’ என்று சொல்லாத பொதி செய்யும் உபகாரம் சிறியதன்று.

5. சரியான கேள்வியைக் கேட்பது

ஐகான்வ் இருக்கிறதா என்று சோதிக்க, புதிதாகப் பயில்பவர் ஏசி_செர்ச்_லிப்ஸ் என்னும் மேக்ரோவில் ஐகான்வ்_ஓபன் என்ற ஃபங்ஷன் பெயரைக் கொடுப்பார். க்ளிப்சி உள்ள கணினியில் அது ‘உண்டு’ என்று சரியாகவே சொல்லும். ஆனால் க்னூ லிப்ஐகான்வ் என்னும் தனி லைப்ரரி உள்ள இடத்தில், ஹெடர் கோப்பு அந்தப் பெயரை லிப்ஐகான்வ்_ஓபன் என்று உள்ளுக்குள் மாற்றிவிடுகிறது. ஹெடரைச் சேர்க்காமல் பெயரை மட்டும் தேடுகிற சோதனை, கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் பொருளை ‘இல்லை’ என்று சொல்லிவிடும். இக்காரணம் பற்றியே கெட்டெக்ஸ்ட் பொதியோடு ஏஎம்_ஐகான்வ் என்னும் தயாரான மேக்ரோ வருகிறது. அது ஹெடரைச் சேர்த்து, உண்மையான அழைப்பைக் கம்பைல் செய்து பார்த்து, எந்த லைப்ரரியை இணைக்கவேண்டும் என்பதையும் சொல்லும். சோதனை நிரல், நம் உண்மை நிரல் செய்யப்போவதை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்கே அதன் விடை பிரமாணமாகும்.

அடுத்து டிஸ்கியைப் பார்ப்போம். ஐகான்வ் இருப்பதனாலேயே அதற்கு டிஸ்கி தெரியும் என்று கொள்ளலாகாது. க்ளிப்சிக்கு டிஸ்கி தெரியும். எல்லா லைப்ரரிகளுக்கும் தெரியாது. ஏசி_ரன்_இஃப்எல்ஸ் என்னும் மேக்ரோவால் ஒரு சிறு நிரலை ஓட்டி, டிஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8-க்கு மாற்றுவழி திறக்கிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் இங்கே நிதானம் தேவை. கட்டுகின்ற கணினியும் ஓட்டப்போகும் கணினியும் ஒன்றாக இராமற் போகலாம். சில லினக்ஸ் வெளியீடுகளில் இந்த மாற்று அட்டவணைகள் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டு, பின்னால் நிறுவப்படலாம், அல்லது நீக்கப்படலாம். கட்டும்போது கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை ஓடும்போது பொய்த்துப்போகும் வகையைச் சேர்ந்தது இது. ஆகவே ஐகான்வ் உண்டா என்பதைக் கட்டும்போது கேட்கவேண்டும். டிஸ்கி உண்டா என்பதை நிரல் தான் ஓடும்போது கேட்டு, இல்லையாயின் பயனருக்குத் தெளிவாகத் தெரிவிக்கவேண்டும். எந்த உண்மை கம்பைல் ஆகும் நேரத்திலேயே நிலைபெற்றுவிடுகிறதோ, அதுவே கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் அதிகார எல்லைக்குள் வரும்.

டபிள்யூசார்_டி வகையின் அளவு அத்தகைய நிலைபெற்ற உண்மை. ஏசி_செக்_சைஸ்ஆஃப் மேக்ரோ அதை அளந்து கான்ஃபிக் டாட் ஹெச் கோப்பில் ஓர் எண்ணாக எழுதிவைக்கும். நிரலில் அந்த எண்ணைப் பார்த்து, 2 பைட்டாயின் இணைக்குறிகளைச் சேர்த்து எண்ணும் வழியையும், 4 பைட்டாயின் நேர்வழியையும் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு மூலக்கோப்பிலும், வேறெந்த ஹெடருக்கும் முன்பாக, கான்ஃபிக் டாட் ஹெச் சேர்க்கப்படவேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பின்னால் வந்தால், முன்னால் வந்த ஹெடர்கள் அதன் கட்டளைகளை அறியாமலேயே முடிவெடுத்துவிடும்.

6. ஷெல்லிலும் எம்4-லும் காக்கவேண்டிய நியமங்கள்

கான்ஃபிகர் டாட் ஏசி கோப்பில் மேக்ரோக்களோடு ஷெல் வரிகளையும் நாம் எழுதுகிறோம். அவ்வரிகள் பேஷ் என்னும் ஷெல்லிலேயே ஓடும் என்று நம்புவது பெருந்தவறு. உபுண்டு 2006-ல் வெளிவந்த 6.10 பதிப்பிலிருந்து தன் அடிப்படை ஷெல்லாக டேஷ் என்னும் சிறிய ஷெல்லை வைத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி போடுவது பேஷில் செல்லும், டேஷில் செல்லாது, ஆகவே ஒற்றைச் சமக்குறியே எழுதவேண்டும். எக்கோ கட்டளை பின்சாய்கோட்டையும் ‘என்’ விருப்பத்தையும் ஷெல்லுக்கு ஷெல் வெவ்வேறாகக் கொள்ளும். பிரின்ட்எஃப் எங்கும் ஒரேவிதமாக நடக்கும். அரே எனப்படும் பட்டியல் மாறிகளை அறவே விலக்கவேண்டும்.

எம்4 பற்றிய நியமம் ஒன்றே: மேக்ரோவுக்குக் கொடுக்கும் ஒவ்வோர் அங்கத்தையும் சதுர அடைப்பினால் காப்பாற்றவேண்டும். காப்பின்றி விட்ட அங்கம் உரிய காலத்துக்கு முன்பே விரிந்துபோய், ஸ்கிரிப்டில் எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத பிழையை உண்டாக்கும். கிளை பிரிக்க வேண்டிய இடங்களில் வெறும் ஷெல் ‘இஃப்’ எழுதாமல் ஏஎஸ்_இஃப் மேக்ரோவை எழுதுவதும் இதே எச்சரிக்கையைச் சேர்ந்தது. ஏனெனில், உள்ளேயிருக்கும் ஒரு சோதனை தனக்கு முன்தேவையான மற்றொரு சோதனையை அழைக்கும்போது, வெறும் ‘இஃப்’ ஆயின் அந்த முன்தேவை கிளைக்குள்ளேயே விழுந்து, அக்கிளை ஓடாத கணினியில் அதுவும் ஓடாமற் போகும். ஏஎஸ்_இஃப் அதைக் கிளைக்கு வெளியே, முன்பாக, வைத்துவிடும்.

7. பயனரின் உரிமை

பொதியை உண்டாக்கியவர் அறியாத காரணங்கள் அதைக் கட்டுகிறவருக்கு இருக்கும் என்பதை மறவாதிருப்பது பண்பு. சிஃப்ளேக்ஸ் என்னும் மாறி பயனருக்கு உரியது. அதை நம் கோப்பில் அழித்தெழுதலாகாது. நமக்குத் தேவையான விருப்பங்களை ஏஎம்_சிஃப்ளேக்ஸில் வைக்கவேண்டும். நிறுவும் இடம் இயல்பாக யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டர். நிர்வாகியின் அனுமதி இல்லாத மாணவர், ‘ப்ரிஃபிக்ஸ்’ விருப்பத்தால் தம் சொந்த ஃபோல்டரிலேயே நிறுவிக்கொள்ள முடியவேண்டும். ஆகவே பாதைகளை நிரலுக்குள் நிரந்தரமாக எழுதிவிடக்கூடாது.

விருப்பத்துக்குரிய வசதிகளை ‘வித்’, ‘எனேபிள்’ என்னும் முன்னொட்டுகளால் அறிவிக்கிறோம். அவற்றில் மூன்று நிலைகளைப் பேணவேண்டும். பயனர் ‘வேண்டாம்’ என்றால் லைப்ரரி இருந்தாலும் சேர்க்கலாகாது. ஒன்றும் சொல்லாவிட்டால், இருந்தால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ‘வேண்டும்’ என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்து, அது கிடைக்கவில்லையாயின், பிழையைச் சொல்லி நின்றுவிடவேண்டும். கேட்டதைக் கொடுக்காமல் மௌனமாக வேறொன்றைக் கொடுப்பது நாணயமாகாது.

வேறொரு வகைக் கணினிக்காக இங்கே கட்டவேண்டிய சந்தர்ப்பமும் வரும்: மேசைக் கணினியில் கட்டி, ராஸ்பெரி பையில் ஓட்டுவது போல. அப்போது ‘ஹோஸ்ட்’ விருப்பத்தில் ஓடவேண்டிய கணினியின் வகையைச் சொல்கிறோம். அந்நிலையில் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்யலாம். ஓட்டிப் பார்க்க இயலாது. எனவே ஓட்டிப் பார்க்கும் சோதனைகளை இயன்றவரை குறைப்பதும், தவிர்க்க முடியாத இடத்தில் அம்மேக்ரோவின் நான்காவது அங்கத்தில், இப்படிப்பட்ட நிலைக்குரிய எச்சரிக்கையான விடையை எழுதிவைப்பதும் கடமை.

சோதனை ஏதேனும் தவறாகத் தோன்றினால், திரையைப் பார்த்து மலைக்காமல், கான்ஃபிக் டாட் லாக் கோப்பைத் திறக்கவேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் எழுதப்பட்ட சிறு நிரலும், கம்பைலர் அதற்குச் சொன்ன ஆட்சேபமும் அங்கே முழுமையாக இருக்கும். உதவி கேட்டு எழுதும்போதும் அந்தக் கோப்பையே அனுப்பவேண்டும்.

8. வெளியிடுவதற்கு முன்

‘மேக் டிஸ்ட்செக்’ என்னும் கட்டளையை நிறைவேற்றாமல் எந்தப் பொதியையும் வெளியிடலாகாது. அது டார் கோப்பை உண்டாக்கி, அதைப் புதிய இடத்தில் விரித்து, மூலக்கோப்புகளை எழுதமுடியாதபடி பூட்டி, வேறொரு ஃபோல்டரில் கட்டி, சோதனைகளை ஓட்டி, தற்காலிக இடத்தில் நிறுவி, நீக்கி, எச்சம் ஏதேனும் மிஞ்சுகிறதா என்பதையும் பார்க்கும். மேக்ஃபைல் டாட் ஏஎம் கோப்பில் எழுத மறந்த ஒரு ஹெடர், நம் கணினியில் இருப்பதனால் நமக்குத் தெரியாமற் போனாலும், இங்கே வெளிப்பட்டுவிடும்.

உற்பத்தியான ஸ்கிரிப்டைப் பற்றி மேலும் ஒன்று சொல்வது அவசியம். 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஓர் இரகசிய வாயில் திறந்துவைக்கப்பட்டிருப்பதை உலகுக்கு அறிவித்தார். அதைத் தொடங்கிவைக்கும் வரிகள் பொதுவில் எல்லோரும் படிக்கின்ற மூலக்களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் வைக்கப்பட்ட ஓர் எம்4 கோப்பில் ஒளிந்திருந்தன. ஒருவரும் படிக்காத பல்லாயிரம் வரிகளுக்கு நடுவே தீமை பதுங்குவது எவ்வளவு எளிது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. ஆகவே, கையால் எழுதிய மூலங்களைக் களஞ்சியத்தில் முழுமையாக வையுங்கள். உற்பத்தியானவற்றை அங்கே வைக்காதீர்கள். யாரும் உங்கள் களஞ்சியத்திலிருந்து ஆட்டோரீகான்ஃபை ஓட்டி, நீங்கள் வெளியிட்டதற்கு ஈடான ஸ்கிரிப்டைத் தாமே உண்டாக்கி ஒப்பிட்டுக்கொள்ளும் நிலையில் பொதியை வைத்திருங்கள். டெபியன் பொதிகளில் பெரும்பாலானவை இன்று ஸ்கிரிப்டை மறுபடியும் உற்பத்தி செய்தே கட்டப்படுகின்றன.

9. வேறு வழிகளும் முடிவான கருத்தும்

சீமேக், மீசன் முதலிய கருவிகள் இன்று பெருவழக்கில் உள்ளன. க்னோம் திட்டம் போன்ற பெரிய திட்டங்கள் மீசனுக்கு மாறியிருக்கின்றன. அவை வேகமானவை, எழுதுவதற்கும் எளியவை, விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவோடு கட்டவேண்டியவர்களுக்கு அவையே பொருத்தம். ஆனால் கட்டுகிறவருடைய கணினியிலும் அக்கருவிகள் இருந்தாக வேண்டும். சி மொழியில் எழுதிய சிறிய பொதியை, யூனிக்ஸ் வழிவந்த எத்தளத்திலும், எவ்வளவு பழைய கணினியிலும், வேறு துணையின்றிக் கட்டவேண்டும் என்பது நோக்கமாயின், ஆட்டோகான்ஃப் இன்றும் தக்க கருவி என்பதே என் தீர்மானம். எக்கருவியைத் தேர்ந்தாலும், பெயரை நம்பாமல் வசதியைச் சோதிப்பதும், பயனரின் சொல்லை மதிப்பதும், வெளியிடுமுன் விரித்துப் பார்ப்பதும் மாறாத தர்மங்கள்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்த மாணவர், தாம் முன்பே எழுதிவைத்திருக்கும் சிறு நிரல் ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு கான்ஃபிகர் டாட் ஏசி எழுதி, டிஸ்ட்செக் தேறியபின், அந்த டார் கோப்பை வேறுவகைக் கணினி வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்து, வாய்மொழியாக ஒரு விளக்கமும் சொல்லாமல் கட்டச் சொல்லவேண்டும். அவர் தட்டவேண்டியவை கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்னும் மூன்று கட்டளைகளே. அவர் இடையில் உங்களை ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்குரிய விடையை அவரிடம் சொல்லாதீர்கள்; ஸ்கிரிப்டில் எழுதுங்கள்.